கம்பி நீட்டிய குருவி

காட்டிலாகா அலுவலகத்தில் அவருக்குப் பாம்புக்காது என்று பெயர். சம்பளப் பட்டியலில் இருந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே ஒதுங்கி வழி விடுவார். பட்டத்தை வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. வைத்த காரணம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். ஜீப் தெருமுனையில் திரும்பும்போதே அது எந்த அதிகாரியின் ஜீப் என்று சொல்லிவிடுவார். சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டை மேசைக்குள் தள்ளிக் கோப்பைப் பிரித்து வைக்க அந்த அவகாசம் போதும். இந்த ஒரு உபகாரத்துக்காகவே அவருடைய சிடுசிடுப்பை எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள். புதிதாக வந்த டிரைவர் மட்டும், "பாம்புக்கு ஏதுங்க காது?" என்று கேட்டுத் தொலைத்தான். அவனோடு அவர் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மனிதர் முசுடுதான். மரம் அறுக்கும் மில்லில் ஆறு வருஷம் ரம்பத்தின் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர். அந்த இரைச்சலில் கத்திக் கத்திப் பேசியே பழகியதால், அன்பாகச் சொல்வதும் அதட்டுவது போலவே வரும். மில்லை விட்டுக் காட்டிலாகாவில் காவலாளாகச் சேர்ந்தவரை, குருவி கணக்கெடுக்கும் வேலைக்கு இழுத்துவிட்டது அப்போதிருந்த ஒரு ரேஞ்சர். அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் அவர் வேறு வேலையே கேட்கவில்லை.

வேலை இதுதான். ஊருக்கு வடக்கே பழைய மரங்கள் அடர்ந்த ஒரு காடு. குருவிகள் கூடு கட்டும் ஆறு வாரமும், விடிந்தும் விடியாத நேரத்தில் அதற்குள் நடக்க வேண்டும். பன்னிரண்டு இடங்களில் சிவப்புப் பெயின்ட் அடித்த கல் நட்டிருக்கும். ஒவ்வொரு கல்லருகிலும் ஐந்து நிமிஷம் அசையாமல் நின்று, காதில் விழும் ஒவ்வொரு குரலுக்கும் தாளில் ஒரு கோடு போட வேண்டும். கண்ணால் பார்த்தது கணக்கில் சேராது. இலை துளிர்த்த பிறகு அந்தக் காட்டில் தலைக்கு மேலே யானை உட்கார்ந்திருந்தாலும் தெரியாது.

தாளில் மற்ற பறவைகளுக்கும் கட்டம் உண்டு. ஆனால் அலுவலகம் பார்ப்பது இரண்டு கட்டங்களைத்தான். இரண்டும் கதிர்க்குருவி. இரண்டும் கைக்குள் மூடினால் மறைந்துவிடும். எடை ஒன்பது கிராமோ பத்து கிராமோ. முதுகு பாசிப்பச்சை, வயிறு வெளிறிய மஞ்சள், கண்ணுக்கு மேலே சுண்ணாம்பு இழுத்துவிட்டது போல ஒரு புருவம். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று சத்தியம் செய்யலாம். கையில் பிடித்துப் புரட்டிப் பார்த்தால் வித்தியாசம் உண்டுதான்: ஒன்றுக்குக் கால் கறுப்பு, மற்றதற்கு வெளுப்பு, வெளுத்த காலுக்கு இறக்கை நுனி ஒரு நகக்கண் அளவு நீளம். மர உச்சியில் ஒரு நொடி ஒரு கிளையில் தங்காமல் துள்ளிக்கொண்டிருக்கும் ஜந்துவின் காலை யார் பார்ப்பது? காலைத் தேடுவதற்குள் வாலும் போய்விடும்.

வாயைத் திறந்தால்தான் குட்டு வெளிப்படும். கறுப்புக் கால், கதவை இரண்டு விரலால் மாற்றி மாற்றித் தட்டுவது போல, டக்-டிக், டக்-டிக் என்று நாளெல்லாம் சலிக்காமல் சொல்லும். அதை இவர்கள் ரெட்டைத்தட்டு என்பார்கள். வெளுத்த கால் அப்படியில்லை. மெல்லிசாக, உச்சத்தில், கூச்சம் எடுக்கிற மாதிரி ஒரு குரல். நடுங்கிக்கொண்டே நீண்டு, நுனியில் இன்னும் மெலிந்து நின்றுவிடும். இரும்பைக் கம்பியாக இழுக்கிற மாதிரி இருக்கிறது என்று எவனோ சொல்லப்போக, அதற்குக் கம்பி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ரெட்டைத்தட்டு சாலையோர மரத்தில்கூடக் கூடு வைக்கும். கம்பிக்குப் பழைய காடு வேண்டும். அது கூடு வைக்கிற காட்டில் கோடரி படக்கூடாது என்று இலாகாவில் ஒரு விதி இருக்கிறது. ஆகவே வடக்குக் காட்டின் தலையெழுத்து, பாம்புக்காது அந்தக் கட்டத்தில் போடும் கோடுகளில் இருந்தது. அவருக்கும் அது நன்றாகத் தெரியும். தெரிந்த கர்வத்தோடுதான் நடப்பார்.

நல்ல வருஷங்களில் ஒரு நடைக்குப் பதினான்கு, பதினாறு கோடு விழும். பிறகு ஒரு வருஷம் ஒன்பதாயிற்று. அடுத்து ஆறு. அடுத்து இரண்டு. அதற்கப்புறம் வந்த பருவத்தில் ஆறு வாரமும் நடந்தார், பன்னிரண்டு கல்லிலும் ரெட்டைத்தட்டு வாய் ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தது, கம்பி இல்லை. கடைசி நாள் கட்டத்தில் சைபர் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, உப்பு போடலையா நான்?" என்றாள் மனைவி.

"போயிடுச்சும்மா. ஒண்ணுகூட இல்லை."

அவளுக்கு எது போயிற்று என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த வீட்டில் குழந்தை குட்டி கிடையாது. பேச்செல்லாம் அந்தக் குருவிதான். அன்று இரவு அவர் அழுதார் என்பதை அவள் வெளியே யாரிடமும் சொல்லவில்லை.

அலுவலகத்தில், "கம்பி கம்பி நீட்டிடுச்சுப்பா" என்று சொல்லிச் சிரித்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது, அவரும் ஒப்புக்குப் பல்லைக் காட்டினார். அடுத்த பருவமும் சைபர். மேலதிகாரியாக வந்திருந்த பெண், வயது முப்பதுக்குள், எல்லா வருஷத்துத் தாளையும் கம்ப்யூட்டரில் ஏற்றிப் படம் போட்டுக் காட்டினாள். கோடு அழகாகச் சரிந்து தரையைத் தொட்டிருந்தது. குருவி அழிவதென்றால் இப்படித்தான் அழியும் என்றாள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் சாலைத் திட்டம் வந்தது. வடக்குக் காட்டின் நடுவே அகலமான சாலை. இருபுறமும் மரத்தை எடுத்தாக வேண்டும். ஊர்க்காரர்கள் கருத்தைக் கேட்க நகராட்சி மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். மேடையில் ஓரத்து நாற்காலி பாம்புக்காதுக்கு. பேச்சு வளவளவென்று போய்க்கொண்டிருந்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு அம்மாள் எழுந்தாள். காட்டை ஒட்டிய தெருவில் கடைசி வீடு, தையல் வேலை. கழுத்தில் டேப் தொங்க அப்படியே வந்திருந்தாள்.

"நீங்கல்லாம் இல்லைன்னு சொல்ற குருவியை நான் தினமும் கேக்கிறேனுங்க. போன வருஷமும் கேட்டேன், அதுக்கு முந்தின வருஷமும் கேட்டேன். என் சன்னலுக்கு நேராத்தான் கத்துது."

அதிகாரி, "நீங்க சொல்லுங்க சார்" என்று மைக்கை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் அன்று நிதானமாகப் பதில் சொல்லியிருக்கலாம். ஒரு நாள் விடியற்காலையில் அந்த அம்மாளின் சன்னலோரம் போய் நின்றிருக்கலாம். ஆனால் இருபது வருஷத்துக்கு மேல் தன் காதை நம்பி வாழ்ந்த மனிதர். அந்தக் குருவிக்காகத் துக்கம் காத்த மனிதர். ஒரு தையற்காரி எழுந்து நின்று அது இருக்கிறது என்று சொன்னது, செத்த வீட்டில் யாரோ கேலி பேசியது போல அவருக்குச் சுரீரென்றது.

"அம்மா, அது ரெட்டைத்தட்டு. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். உங்களுக்கு வித்தியாசம் தெரியாது."

"இல்லீங்க, இது மெல்லிசா நீளமா…"

"நான் இருபத்தோரு வருஷமா இதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன். நீங்க மிஷின் சத்தத்துல உக்காந்து கேட்டதும் நான் காட்டுல நின்னு கேட்டதும் ஒண்ணா?"

கூட்டம் சிரித்தது. அந்த அம்மாள் டேப்பைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். ஆட்சேபம் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கூட்டத்தை முடித்தார்கள். அடுத்த பருவத்திலும் அவர் சைபர் போட்டார், மரம் வெட்ட உத்தரவாகிவிட்டது. இலை உதிர்ந்து குருவிகள் தூர தேசம் போன பிறகு, வருகிற மாதம் இரண்டாம் திங்கட்கிழமை ஆரம்பம் என்று தேதியும் குறித்தார்கள்.

அந்தத் திங்கட்கிழமைக்கு ஒரு வாரம் இருக்கும்போது மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. மருந்துக்கடையில் ஒரு புது தெர்மாமீட்டர் வாங்கி வந்து அவள் அக்குளில் வைத்தார். சத்தம் வந்ததும் எடுக்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காத்திருந்தார். இரண்டு நிமிஷம் ஆயிற்று, மூன்று நிமிஷம் ஆயிற்று.

"மட்டமான சாமான். சத்தமே வரலை பாரு" என்றார்.

அவள் கண்ணைத் திறந்தாள். "அது அப்பவே கத்தி ஓஞ்சு போச்சுங்க. நீங்க வேற எதையோ யோசிச்சுக்கிட்டிருந்தீங்க."

"எங்கே யோசிச்சேன்? இதையேதான் பாத்துக்கிட்டிருக்கேன்."

மறுபடி வைத்தார். இந்த முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். சுவர்க் கடிகாரம் கேட்டது. கீழே கடையில் யாரோ பேரம் பேசுவது கேட்டது. குழாய் சொட்டுவதுகூடக் கேட்டது.

"இதோ, இப்போ கத்துது" என்றாள் அவள்.

அவர் தெர்மாமீட்டரை உருவிக் காதில் வைத்து அழுத்தினார். கண்ணாடித் துண்டு போல அது மௌனமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தார். அது இன்னும் கத்திக்கொண்டிருக்கிறது என்பது அவள் முகத்தில் தெரிந்தது. காய்ச்சல் எவ்வளவு என்று பார்க்க அவருக்கு மறந்தே போயிற்று. கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "கம்பி" என்றார்.

"எந்தக் கம்பி?" என்றாள் அவள். கேட்டுவிட்டு, ஜுர வேகத்திலும் புரிந்துகொண்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் காது டாக்டர் அவரை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார். முதலில் அவர் பொத்தானைத் தவறாமல் அமுக்கினார். பிறகு வெகு நேரம் ஒன்றும் வரவில்லை. சோதனை முடிந்துவிட்டது என்று நினைத்துத் தலையிலிருந்து கழற்றினார். டாக்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மாட்டிக்கொள்ளும்படி சைகை காட்டினார்.

"பேச்செல்லாம் நல்லாக் கேக்கும் உங்களுக்கு. உச்சஸ்தாயி மட்டும் சுத்தமாப் போயிடுச்சு. சின்ன வயசுல சத்தமான இடத்துல வேலை பாத்தீங்களா?"

"மர மில்லுல."

"வயசும் சேர்ந்துக்கிச்சு. மெல்ல மெல்லப் போயிருக்கும். முதல்ல தூரத்துச் சத்தம் போகும், அப்புறம் கிட்டத்துல இருக்கிறதும் போகும். காது போறவங்களுக்கே தெரியாது."

அவர் அந்தப் பரிசோதனைத் தாளை வாங்கிப் பார்த்தார். கோடு சமமாக வந்து, பிறகு சரிந்து, அடியைத் தொட்டிருந்தது. அதிகாரி கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டிய அதே படம். குருவி போன படம் என்று எல்லோரும் சேர்ந்து நம்பியது, அவர் காது போன படமாக இருந்தது.

வேறொருவராக இருந்தால் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருப்பார். யாருக்கும் தெரியப் போவதில்லை. பாம்புக்காது என்ற பெயரோடு கௌரவமாக ஓய்வு பெற இன்னும் பத்தே மாதம். அவர் டாக்டரிடமிருந்து நேராக அலுவலகத்துக்குப் போய், உட்காரச் சொல்லியும் உட்காராமல், தாளை அதிகாரியின் மேசை மேல் வைத்தார்.

"மேடம், நான் போட்ட சைபரெல்லாம் தப்பு. குருவி போகலை. எனக்குத்தான் கேக்கலை. மரத்தை வெட்ட விடாதீங்க."

அவள் தாளை இரண்டு முறை படித்தாள். "எந்த வருஷத்துலேர்ந்து சார் கேக்கலை?"

"மூணு பருவமா."

"அதுக்கு முந்தின வருஷம் ரெண்டு கோடு போட்டிருக்கீங்க. அந்த வருஷம் ரெண்டுதான் இருந்துச்சா, ரெண்டுதான் கேட்டுச்சா?"

அவர் மேசை மேலிருந்த தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"ஆறு போட்ட வருஷம்?"

"தெரியலை மேடம்."

"ஒம்போது?"

அவள் கெட்டவளல்ல. அவர் முன்னாலேயே போனை எடுத்து மேலே பேசினாள். இரண்டு நாள் விடாமல் பேசினாள். மூன்றாம் நாள் பதில் வந்தது. கணக்கெடுத்தவரின் செவித்திறன் எப்போது குறைந்தது என்று உறுதி செய்ய முடியாததால், அவர் எடுத்த எல்லாக் கணக்கும் ரத்து. இருபத்திரண்டு வருஷத்துத் தாளும். வடக்குக் காடு இனிமேல் கணக்கே எடுக்கப்படாத காடு; கணக்கில்லாத காட்டுக்கு விதி பொருந்தாது. வேலை குறித்த தேதியில் நடக்கும்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் குரல் உயர்ந்துவிட்டது. "அந்தப் பதினாறு நெசம் மேடம்! அப்போ எனக்கு நல்லாக் கேட்டுச்சு. அந்தப் பதினாலும் நெசம். அதை எப்படி அடிப்பாங்க?"

"நான் நம்புறேன் சார். ஆனா அதை யார் வந்து சொல்றது?"

மூன்று சைபரை அடிக்கப் போனவர் கையாலேயே அத்தனை கோடும் அடிபட்டுப் போயிற்று. வாயை மூடிக்கொண்டிருந்தால் பழைய கணக்காவது மிஞ்சியிருக்கும்; பத்து வருஷம் கழித்து எவனாவது எடுத்துப் பார்த்து, இந்தக் காட்டில் கம்பி இருந்தது என்று தெரிந்துகொண்டிருப்பான். இப்போது அதுவும் இல்லை.

அதிகாரி பேனாவை மூடி வைத்தாள். "ஒரே ஒரு வழி இருக்கு. போன பருவத்துல அந்தக் குருவியைக் கேட்டேன்னு வேற யாராவது கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா, அதை வெச்சு அடுத்த பருவம் வரைக்கும் வேலையை நிறுத்தச் சொல்ல முடியும். அதுக்கு முந்தின பருவம்னா செல்லாது. மெஷின் வெச்சுப் பதிவு பண்ணிக் காட்டிடலாம். உங்களுக்கு யாரையாவது தெரியுமா?"

அவருக்கு ஒரே ஒருவரைத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போனார். தையல் மிஷின் தெருவுக்குக் கேட்டது. கதவு திறந்தே இருந்தது. அவள் அவரை அடையாளம் கண்டுகொண்டு, ஊசிக்கு அடியில் இருந்த துணியை அப்படியே நிறுத்தினாள்.

"அம்மா, உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க வந்தேன்" என்றார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்: தெர்மாமீட்டர், கண்ணாடி அறை, சைபர். "நீங்க அன்னைக்குச் சொன்னது சரி. அது கம்பிதான். நான்தான் செவிடு."

அவள் முகம் மலர்ந்தது. "நான் சொன்னேன்ல! எனக்குத் தெரியும்ங்க, ரெட்டைத்தட்டு டக்குடிக்குன்னு வேற மாதிரி…" என்றவள், அவர் பையிலிருந்து எடுத்து நீட்டிய தாளைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"போன பருவத்துல கேட்டேன்னு ஒரு கையெழுத்து வேணும்மா. அது இருந்தா காடு தப்பிக்கும்."

"போன பருவமா?"

"ஆமா. கடைசியா வந்த பருவம்."

அவள் தாளை வாங்கவில்லை. மிஷினுக்கு எதிரே இருந்த சன்னலைக் காட்டினாள். அது சாத்தியிருந்தது, கொக்கியின் மேல் நூல்கண்டுகள் தொங்கின.

"அந்தக் கூட்டத்துக்கப்புறம் தெருவுல என்னைக் கம்பியம்மான்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. துணி தைக்கக் கொடுக்க வர்றவங்ககூட, இன்னைக்குக் குருவி என்ன சொல்லுச்சுன்னு கேட்டாங்க. சன்னலைச் சாத்தி ரேடியோவைப் போட்டுக்கிட்டேன். போன பருவம் முழுக்கத் திறக்கவே இல்லை."

"ஒரு நாள்கூடக் கேக்கலையா? வெளியில போறப்போ, வர்றப்போ?"

"கேக்காததைக் கேட்டேன்னு எப்படிங்க எழுதிக் கொடுப்பேன்? நீங்க கேக்காததை இல்லைன்னு எழுதினீங்க. நான் கேக்காததை இருக்குன்னு எழுதணுமா?"

அவர் தாளை நீட்டியபடியே நின்றார். அவரை அப்படிப் பார்க்க அவளுக்கே பாவமாகப் போயிற்று. கண்ணை மூடிக்கொண்டு உண்மையாகவே யோசித்தாள்.

"ஒரு நாள் தண்ணி லாரி வந்தப்போ, குடத்தோட அந்த முனையில நின்னுக்கிட்டிருந்தேன். மேல மரத்துல ஒரு சத்தம்…" என்றாள்.

"எப்படிம்மா? மெல்லிசாவா? நீளமாவா? நடுங்குச்சா?"

அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாபகம் இல்லீங்க. அது கம்பி மாதிரி இருக்கேன்னு ஒரு நிமிஷம் தலையைத் தூக்கினேன். அப்புறம், அது ரெட்டைத்தட்டாத்தான் இருக்கும், நமக்குத்தான் வித்தியாசம் தெரியாதேன்னு நினைச்சுக்கிட்டுக் குடத்தைத் தூக்கிட்டு வந்துட்டேன். நீங்கதானே அத்தனை பேர் முன்னாடி அடிச்சுச் சொன்னீங்க."

அவர் தாளை நான்காக மடித்தார். அவள் ஊசிக்கு அடியிலிருந்த துணியைச் சரிசெய்தாள், ஆனால் மிதிக்கவில்லை. அவர் படி இறங்கும்வரை காத்திருந்தாள். திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. காட்டோரம் நின்ற லாரியிலிருந்து ரம்பங்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்டது.